உண்டியலை நம்பிய பங்குகள்

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது கத்தோலிக்கருக்குத் தவக்காலம் பாதிக்கு மேல் கடந்திருந்தது. ஏப்ரல் 5 குருத்து ஞாயிறு, 10 பெரிய வெள்ளி, 12 உயிர்ப்பு ஞாயிறு என்று ஆண்டின் தலையாய நாள்கள் எல்லாம் பூட்டிய கோயில்களுக்குள், குருவும் ஓரிரு உதவியாளரும் மட்டும் இருக்க நடந்து முடிந்தன. தமிழ்நாட்டில் ஜூலை 1 முதல் கிராமப்புறத்துச் சிறிய வழிபாட்டிடங்களுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் ஞாயிறுதோறும் தளர்வில்லா முழு ஊரடங்கு. ஞாயிறு பூசையை மையமாகக் கொண்டு வாழும் சமூகத்துக்கு அந்த அனுமதியால் பெரிய பயன் இல்லை. செப்டம்பர் 1 அன்றுதான் எல்லாக் கோயில்களும் திறந்தன. 2021 ஏப்ரல் 26 முதல் ஜூலைத் தொடக்கம் வரை மறுபடியும் அடைப்பு. அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மக்களுக்கு அனுமதி இல்லை. 2022 ஜனவரியில் இன்னொரு முறை அதே கட்டுப்பாடு. தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவும் வேளாங்கண்ணிப் பெருவிழாவும் இரண்டு ஆண்டுகள் கூட்டமின்றி நடந்தன.

அந்த நாள்களைப் பற்றி நோயின் கதையாக, மரணத்தின் கதையாக, ஆன்மிகத் தாகத்தின் கதையாக நிறையவே எழுதிவிட்டோம். ஒரு பங்கின் வரவுசெலவுக் கதையாக அதைப் பார்த்தவர்கள் குறைவு. பணத்தைப் பற்றிப் பேசுவது பக்திக்கு இழுக்கு என்ற கூச்சம் நம்மிடம் உண்டு. அந்தக் கூச்சத்தைச் சற்று ஒதுக்கிவைத்துப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பிழைப்பு போனவர்கள் நம் கோயில் வளாகத்துக்குள்ளேயே இருந்தார்கள். கோயிலுக்கு வருகிறவர் போடும் காணிக்கையை மட்டும் நம்பி ஒரு பங்கை நடத்தினால், கதவு மூடிய மறுவாரமே அது தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தில் முதலில் கீழே விழுவது பங்கிலேயே மிகக் குறைந்த சம்பளம் வாங்குகிறவர். ஆகவே பங்கைத் தாங்கும் பொறுப்பை ஞாயிறு வருகையிலிருந்து பிரித்துக் குடும்பத்தோடு கட்ட வேண்டும். அதற்குப் பங்கு நிர்வாகம் தர வேண்டிய ஈடு, ஒளிவுமறைவில்லாத கணக்கு. இதுவே என் வாதம்.

நம் பங்குகளின் வரவு எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். ஞாயிறு பூசையில் எடுக்கும் காணிக்கை முதலாவது. வாசலிலும் கெபியிலும் குருசடியிலும் வைத்திருக்கும் உண்டியல். இறந்தவர் நினைவுக்கும் நன்றிக்கும் கொடுக்கும் பூசைக் கருத்துப் பணம். திருமணம், திருமுழுக்கு, அடக்கம் ஆகியவற்றின்போது தருவது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஊர்த்திருவிழாவும் அதன் ஏலமும் நன்கொடையும். சில பங்குகளில் சமூகக்கூட வாடகை, கடை வாடகை. இவற்றில் ஏறக்குறைய எல்லாமே ஆள் நேரில் வந்தால்தான் கிடைக்கும். ஒன்று குறைந்தால் மற்றொன்று கைகொடுக்கும் என்ற ஏற்பாடே இதில் இல்லை. பூசை நின்றால் காணிக்கை நிற்கும். கல்யாணம் தள்ளிப்போனால் கூட வாடகையும் நிற்கும். திருவிழா நின்றால் ஆண்டின் பெருவரவே நிற்கும். 2020 ஏப்ரலில் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன.

செலவு அப்படி நிற்கவில்லை. மெழுகுதிரியும் அப்பமும் இரசமும் ஒலிபெருக்கிக்கான மின்சாரமும் மிச்சமாகியிருக்கலாம். அவை எப்போதுமே சிறு தொகை. பங்கின் உண்மையான செலவு ஆட்களுக்கானது. கிளைக்கிராமங்களில் செபம் நடத்தி, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்து, சாவு வீட்டுக்கு முதல் ஆளாக ஓடும் உபதேசியார். அதிகாலையில் மணியடித்துக் கதவு திறக்கும் கோயில்பிள்ளை. வளாகம் பெருக்கும் அம்மா, பங்கு இல்லத்துச் சமையல்காரர், குழி வெட்டுகிறவர், ஞாயிறு ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஆர்மோனியமோ கீபோர்டோ வாசிக்கும் இளைஞர். இவர்களில் பலருக்கு நியமன ஆணை கிடையாது, வைப்புநிதி கிடையாது, மருத்துவக் காப்பீடு கிடையாது. பங்குத்தந்தை மாறும்போது தங்கள் நிலைமை என்ன ஆகும் என்பதுகூடப் பலருக்கு உறுதியில்லை. தேவாலயங்களில் பணிபுரியும் உபதேசியார்களுக்கும் பணியாளர்களுக்கும் ஒரு நலவாரியத்தைத் தமிழ்நாட்டு அரசு அமைக்க வேண்டியிருந்தது என்பதே அவர்கள் எவ்வளவு ஆதரவற்று நின்றார்கள் என்பதற்குச் சான்று. அரசு செய்தது நல்லதுதான். நாம் செய்யாமல் விட்டதால் செய்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பங்குத்தந்தையின் நிலை வேறு. அவருக்கு இருக்க இடமும் உண்ண உணவும் உண்டு. முடியாதபோது மறைமாவட்டம் கைவிடாது. அவரும் அந்த மாதங்களில் சிரமப்பட்டார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பங்குக்கு உதவுங்கள் என்ற வேண்டுகோளைச் சாமியாருக்குக் கொடுங்கள் என்று மக்கள் புரிந்துகொண்ட இடங்களில் அந்த வேண்டுகோள் பாதி வலுவிழந்துவிட்டது. திருச்சபைச் சட்டத்தின் 222ஆவது பிரிவு, நம்பிக்கையாளர் திருச்சபையின் தேவைகளுக்கு உதவக் கடமைப்பட்டவர்கள் என்று சொல்லும்போது வழிபாடு, திருத்தூதுப் பணி, அன்புப் பணி, பணியாளரின் தகுதியான வாழ்வு என்று நான்கையும் சேர்த்தே சொல்கிறது. அதே சட்டத்தின் 231ஆவது பிரிவு பொதுநிலைப் பணியாளருக்கும் தகுந்த ஊதியம் பெறும் உரிமை உண்டு என்கிறது. 1286ஆவது பிரிவு, வேலைக்கு அமர்த்தியவர்களுக்கு நியாயமான கூலியை நாட்டுச் சட்டப்படியும் நீதிப்படியும் கொடுக்கச் சொல்கிறது. கதவு மூடியிருக்கும் காலத்துக்கு இவற்றில் எதிலும் விலக்கு இல்லை.

காணிக்கை என்பதே பூசையின் நடுவில் தட்டில் போடுவது என்று நாம் பழகிவிட்டோம். தொடக்கத்தில் அப்படி இல்லை. கொரிந்து நகர்ச் சபைக்கு எழுதிய முதல் மடலின் கடைசி அதிகாரத்தில், எருசலேமின் ஏழைகளுக்காக நிதி சேர்க்கும் முறையைப் பவுல் சொல்கிறார். வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கு ஏற்ப எடுத்துத் தம்மிடமே சேர்த்துவைக்க வேண்டும். தாம் நேரில் வந்த பிறகு வசூல் நடத்தும் நிலை இருக்கக்கூடாது. பவுல் அங்கு இல்லாதபோதும் பணம் சேர வேண்டும் என்பதற்காகவே வகுத்த ஏற்பாடு அது. ஏறத்தாழ 155ஆம் ஆண்டு உரோமையில் எழுதிய புனித ஜஸ்டின், ஞாயிறு கூட்டத்தை விவரிக்கும் பகுதியில் இரண்டு செய்திகளை அடுத்தடுத்து வைக்கிறார். வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையை வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். வசதியுள்ளவர்கள் தரும் பணம் அனாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையிலிருப்போர், அயலூரிலிருந்து வந்து தங்கியோர் ஆகியோருக்குப் போகிறது. வந்தவர் கொடுத்தது வராதவருக்காக. அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் வசதிக்காக அதைச் சேர்த்ததாக ஜஸ்டின் சொல்லவில்லை.

நம் சொந்தக் கடற்கரையிலேயே இதற்குச் சிறந்த சான்று இருக்கிறது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் ஒருவரால் அத்தனை பரதவ ஊர்களிலும் தங்கியிருக்க முடியாது. ஓர் ஊருக்குப் போனவர் மறுபடி அங்கே வர மாதங்கள் ஆகும். ஆகவே தமிழில் மனப்பாடம் செய்யத்தக்க செபங்களை எழுதிக்கொடுத்து, ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை அமர்த்தினார். செபம் சொல்லவும், பிறந்த குழந்தைக்கு ஆபத்தில் திருமுழுக்குக் கொடுக்கவும், திருமணச் சிக்கல்களைக் கவனித்துச் சொல்லவும் அவரே பொறுப்பு. அவர்களுக்குச் சம்பளம்? போர்ச்சுகல் அரசியின் செருப்புச் செலவுக்கென்று இந்தக் கடற்கரையிலிருந்து ஆண்டுதோறும் வசூலாகிப் போய்க்கொண்டிருந்த 4000 பணத்தைக் கேட்டு வாங்கி, கணக்கப்பிள்ளைகளின் ஊதியமாக்கினார் சவேரியார். முத்துக்குளித்த மக்களிடமிருந்து எடுத்த பணம் அந்த மக்களின் உபதேசியாருக்கே திரும்பி வந்தது. கல்லால் கோயில் கட்டுவதைவிட, குரு இல்லாத நாள்களில் ஊரைச் சேர்த்துப் பிடிக்கும் மனிதருக்கு நிலையான ஊதியம் வேண்டும் என்பதை அவர் முதலில் நினைத்தார். ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் கழித்தும் பல பங்குகள் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை என்பதுதான் வருத்தம்.

இலங்கையில் இதைவிடக் கடுமையான சோதனை வந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் கைப்பற்றியபின் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. கோவாவிலிருந்து புனித யோசேப் வாஸ் மாறுவேடத்தில் 1687இல் யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தமிழ்க் கத்தோலிக்கர் குரு இல்லாமலேயே இருந்தார்கள். வந்தபின்னும் பூசை வீடுகளில், இரவில், ஒளிந்து நடந்தது. குரு ஓர் ஊரைவிட்டு அடுத்த ஊருக்குப் போனதும் அங்கே செபத்தை நடத்தியவர்கள் மூப்பர்களும் அண்ணாவிமாரும். அந்த மக்கள் கோயிலுக்குப் போகவில்லை, போக முடியவில்லை. ஆனாலும் தங்களுக்குள் சேர்த்து, தங்களுக்குள் காத்து, குருவை ஒளித்துவைத்துச் சோறு போட்டார்கள். 2015 ஜனவரியில் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் யோசேப் வாஸைப் புனிதராக அறிவித்தபோது, பெயர் தெரியாத அந்தக் குடும்பங்களும் சேர்ந்தே பெருமைப்படுத்தப்பட்டன என்று நான் நினைக்கிறேன்.

அண்மைக் காலத்துக்கு வந்தால், அதே யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கின் பங்குகள் 1990 முதல் உயர்பாதுகாப்பு வலயத்தால் தங்கள் கோயில்களை இழந்து சிதறின. சில ஊர்கள் கால் நூற்றாண்டு கழித்தே மீண்டன. 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும் குண்டுகள் வெடித்தபின், கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஞாயிறு பூசைகளை நிறுத்திவைத்தார். அடுத்த ஞாயிறு அவர் தம் இல்லத்தில் நிறைவேற்றிய பூசையை மக்கள் தொலைக்காட்சியில் கண்டார்கள். பெருந்தொற்றுக்கு ஓராண்டு முன்பே நடந்தது இது. கொழும்பு உயர்மறைமாவட்டத்தில் மே 12 அன்று பொதுப் பூசை மீண்டது. கொச்சிக்கடை ஜூனிலும் கட்டுவாப்பிட்டி ஜூலையிலும் திறந்தன. அந்த இடைப்பட்ட வாரங்களில் கட்டுவாப்பிட்டிப் பங்கு என்ன செய்துகொண்டிருந்தது? பிணங்களை அடக்கம் செய்தது, மருத்துவமனையில் கிடந்தவர்களைப் பார்த்தது, பெற்றோரை இழந்த பிள்ளைகளை விசாரித்தது. பூசை இல்லாத வாரங்களே பங்குக்கு மிக அதிக வேலை இருந்த வாரங்கள். கோயில் மூடியிருக்கிறதே, செலவு என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

எதிர்வாதங்களில் மிக நியாயமானது, மக்களிடமே பணம் இல்லை என்பது. 2020இல் கட்டடத் தொழிலாளிக்கு வேலை இல்லை, ஆட்டோக்காரருக்குச் சவாரி இல்லை, கடலுக்குப் போக முடியாத வாரங்களைத் தொடர்ந்து மீன்பிடித் தடைக்காலம். அவர்களிடம் போய்க் கேட்பது பாவம். ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசு என்ற உவமைபோன்ற நிகழ்ச்சியை எடுத்து, இல்லாதவரும் கொடுக்க வேண்டும் என்று பிரசங்கம் செய்கிறவர்கள், மாற்கு நற்செய்தியில் அதற்குச் சற்று முன்னால் இருக்கும் வரிகளையும் வாசிக்க வேண்டும். கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிற சமயத் தலைவர்களை இயேசு கண்டித்த சூட்டோடுதான் அந்தக் கைம்பெண் வருகிறாள். 222ஆவது பிரிவின் இரண்டாம் பகுதியும், சொந்த வருவாயிலிருந்து ஏழைகளுக்கு உதவுவதை எல்லா நம்பிக்கையாளரின் கடமையாகச் சொல்கிறது. பேச்சு இங்கே சம்பளம் நிற்காதவர்களைப் பற்றியது. அரசு ஊழியர், ஆசிரியர், வங்கிப் பணியாளர், வீட்டிலிருந்தே வேலை பார்த்த மென்பொருள்காரர், ஓய்வூதியர், வெளிநாட்டில் இருப்பவர் என்று ஒவ்வொரு பங்கிலும் இவர்கள் இருக்கிறார்கள். அந்த மாதங்களில் இவர்களில் பலருக்குச் செலவு குறைந்தது. கோயிலுக்குப் போகாததால் காணிக்கையும் நின்றது. கொடுக்க மனம் இல்லாமல் நிற்கவில்லை. கொடுக்கும் பழக்கம் கோயில் வாசலோடு கட்டப்பட்டிருந்ததால் நின்றது. ஏற்பாட்டில் உள்ள குறை இது. ஏற்பாட்டை மாற்றினால் தீரும்.

திருச்சபைக்குப் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, நிலம் எல்லாம் இருக்கிறதே, அதிலிருந்து பார்த்துக்கொள்ளட்டும் என்பது அடுத்த வாதம். இதில் ஒரு பாதி தவறான தகவல். பெரும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் பல துறவற சபைகளின் பொறுப்பில் உள்ளவை. பங்கின் வரவுசெலவோடு அவற்றுக்குத் தொடர்பு இல்லை. நிலம் இருந்தாலும் அதை விற்றுச் சம்பளம் போட முடியாது, போடவும் கூடாது. மறுபாதி நியாயமான கேள்வி: ஒரே மறைமாவட்டத்தில் பெருந்திருத்தலத்துப் பங்கும் இருக்கிறது, நூறு குடும்பம் உள்ள மலையடிவாரப் பங்கும் இருக்கிறது. முன்னதன் உபரி பின்னதன் உபதேசியாருக்குப் போய்ச் சேர வழி இருக்க வேண்டும். மறைமாவட்டம் அந்த வழியை வகுத்து, எவ்வளவு போனது என்று வெளியிட வேண்டும். இதை மக்கள் கேட்பது உரிமை. ஆனால் அது நடக்கும்வரை நான் தரமாட்டேன் என்பதில் தண்டிக்கப்படுபவர் ஆயர் அல்லர், கோயில்பிள்ளை.

வெளியிலிருந்து பணம் வரும் என்ற நம்பிக்கையும் இனி உதவாது. ஜெர்மனியில் பதிவுபெற்ற கத்தோலிக்கரின் வருமான வரியோடு, அந்த வரியில் 8 அல்லது 9 சதவீதம் திருச்சபை வரியாக அரசே வசூலித்துத் தருகிறது. அங்கே இருக்கைகள் காலியாக இருந்தாலும் பங்கு நடக்கும். அமெரிக்காவில் 2020இல் பணியாளர் சம்பளத்துக்காக அரசு கொடுத்த, திருப்பித்தர வேண்டாத கடன் பங்குகளுக்கும் கிடைத்தது. நமக்கு இரண்டும் இல்லை. ஐரோப்பிய நண்பர்களின் உதவி என்று இருந்த வாசலும் 2020 செப்டம்பரில் வந்த வெளிநாட்டு நன்கொடைச் சட்டத் திருத்தத்துக்குப்பின் மிகவும் குறுகிவிட்டது. வரும் பணம் புதுதில்லியின் ஒரே வங்கிக் கிளை வழியாக வர வேண்டும். பெற்ற அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்கக் கூடாது. நம் பங்கை நாமே தாங்குவது என்பது இப்போது விருப்பம் சார்ந்த இலட்சியம் இல்லை, வேறு வழி இல்லாத நிலைமை.

ஏழைக்கு நேரடியாகக் கொடுத்துவிடுகிறேனே, இடையில் பங்கு எதற்கு என்பவர்களிடம் சண்டையிட ஒன்றுமில்லை, நேரடியாகவும் கொடுக்கட்டும். ஆனால் நம் கண்ணில் படும் ஏழை வேறு, படாத ஏழை வேறு. எந்த வீட்டில் கணவன் வெளியூரில் மாட்டிக்கொண்டான், எந்தப் பாட்டிக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது, கேட்கக் கூச்சப்பட்டுப் பட்டினி கிடக்கும் குடும்பம் எது என்பதெல்லாம் பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களின் பொறுப்பாளருக்கும் வின்சென்ட் தே பவுல் சபையினருக்கும் தெரியும். அரிசிப் பையை வாசலில் வைத்துவிட்டு, யாரும் பார்க்காமல் திரும்பிவர அவர்களால் முடியும். அந்த அறிவு ஆண்டுக்கணக்கில் வீடுவீடாகப் போய்ச் சேர்த்தது. பெருந்தொற்றில் அரிசியும் மளிகையும் வழங்கிய பங்குகள் ஏராளம். சாதி மத வேறுபாடு பார்க்காமல் கொடுத்த பங்குகளை ஊரே அறியும். அந்த அமைப்பு இற்றுப்போகாமல் இருக்கச் சாதாரண நாள்களில் அதற்கு ஆதரவு வேண்டும்.

இனி எல்லா எதிர்வாதங்களிலும் வலுவானதற்கு வருகிறேன். கணக்குக் காட்டுவதில்லை, அதனால் கொடுப்பதில்லை. இதை மேலோட்டமாகச் சமாதானம் சொல்லித் தள்ள நான் விரும்பவில்லை, ஏனென்றால் பல இடங்களில் இது உண்மை. திருச்சபைச் சட்டத்தின் 537ஆவது பிரிவுப்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும். பங்குப் பேரவையை ஆயர் விரும்பினால் அமைக்கலாம். நிதிக்குழுவில் அப்படித் தேர்வு இல்லை. மக்கள் கொடுத்ததற்கு மக்களிடம் கணக்குத் தர வேண்டும் என்கிறது 1287ஆவது பிரிவு. ஒரு நோக்கத்துக்கென்று கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம் என்கிறது 1267. பேருக்கு ஒரு நிதிக்குழு, ஆண்டுக்கொருமுறை கையெழுத்து, அறிவிப்புப் பலகையில் மொத்த வரவு மொத்தச் செலவு என்று இரண்டு எண்கள் என்பது கணக்கு ஆகாது. எவ்வளவு வந்தது, சம்பளமாக எவ்வளவு போனது, ஏழைகளுக்கு எவ்வளவு, மறைமாவட்டத்துக்கு எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று மாதம் ஒருமுறை அன்பியக் கூட்டத்தில் வாசிக்க முடியாத பங்கு, மக்களிடம் மாதம் ஒருமுறை கேட்கவும் தகுதி இழக்கிறது. அதே மூச்சில் நம்பிக்கையாளரிடமும் ஒன்று சொல்வேன். கொடுப்பதை நிறுத்தினால் கணக்குக் கேட்கும் உங்கள் குரல் வலுக்காது, விலகிப்போனவரின் முணுமுணுப்பாகக் குறைந்துவிடும். உபதேசியார் ஊதியத்துக்கு என்று எழுதிக் கொடுங்கள், இரசீது வாங்குங்கள், அது போய்ச் சேர்ந்ததா என்று அடுத்த மாதம் கேளுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

ஊரடங்கில் பூசை கைபேசித் திரைக்கு வந்தது. மாதா தொலைக்காட்சியும் யூடியூபும் வீட்டில் அடைபட்டிருந்த முதியவர்களுக்குப் பெரும் ஆறுதலாக இருந்தன. கூடவே, திரையின் மூலையில் பணம் அனுப்பும் கியூஆர் குறியீடும் சில இடங்களில் வந்தது. எழுந்தேற்றத்தின்போது அதைப் பார்த்து முகம் சுளித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. பூசைக் கருத்துப் பணத்தில் வாணிபத்தின் சாயல்கூடத் தெரியக் கூடாது என்று 947ஆவது பிரிவு எச்சரிக்கிறது. பூசைக்கு வெளியே, அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில், எதற்காக என்ற விவரத்தோடு அனுப்பினால் அதே குறியீடு யாரையும் உறுத்தாது. வழிபாட்டுக்கு நடுவே விளம்பரம்போல நிறுத்துவதுதான் பிழை. இன்னொன்று: திரையில் பார்க்கும் பூசை யாருடையதாகவும் இருக்கலாம். வேளாங்கண்ணிப் பூசையைப் பார்த்துவிட்டு வேளாங்கண்ணிக்கே அனுப்பி மனநிறைவு அடைகிறோம். நம் தெருவில் மணியடிப்பவர் நம் நினைவுக்கு வருவதில்லை. திருத்தலத்துக்கு அனுப்புவதைத் தடுக்க வேண்டியதில்லை. முதல் உரிமை சொந்தப் பங்குக்கு இருக்கட்டும்.

குடும்பத்துக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா வைத்தால் அது வரியாகிவிடாதா என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். அச்சத்துக்குக் காரணம் உண்டு. கடலோர ஊர்களில் மீன்பாட்டில் ஒரு பங்கு கோயிலுக்கு என்ற பழக்கம் நெடுங்காலம் இருந்தது. உழவர் பங்குகளில் அறுவடைக்கு நெல் அளப்பது இருந்தது. கோயிலுக்கு வந்தாலும் வராவிட்டாலும் உழைப்பிலிருந்து ஒரு பகுதி போனது என்ற அளவில் அவை இன்றைய உண்டியலைவிட உறுதியானவை. ஆனால் வசூல் உரிமையைக் குத்தகைக்கு விட்டு, கட்டாயமாக்கியபோது அவை கசந்தன. இன்றும் தலைக்கட்டு வரி பாக்கி என்று சொல்லித் திருமண ஓலையைத் தாமதப்படுத்துவதும், கல்லறையில் இடம் தரத் தயங்குவதும் நடக்காமல் இல்லை. வறுமை காரணமாக எவருக்கும் அருளடையாளம் மறுக்கப்படக் கூடாது என்கிறது 848ஆவது பிரிவு. ஆகவே மாதப் பங்களிப்பு என்பது குடும்பமே முடிவுசெய்து, குடும்பமே மாற்றிக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும். அதன் ஏடு திருமணம், திருமுழுக்கு, அடக்கம் எழுதும் மேசைக்கு வரவே கூடாது. இந்த ஒரு நிபந்தனையை மீறும் பங்கில் மாதப் பங்களிப்பு வேண்டாம் என்றே சொல்வேன்.

பணத்துக்குப் பஞ்சமா என்றால், அதுவும் முழு உண்மை இல்லை. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் ஊர்க் கோயிலுக்குக் கோபுரம் கட்ட, தேர் செய்ய, பத்து நாள் திருவிழாவுக்கு ஒரு நாள் உபயம் ஏற்கப் போட்டிபோடுகிறார்கள். பெயர் கல்வெட்டில் வரும், வாணவேடிக்கை வானத்தில் தெரியும். உபதேசியாரின் ஆறு மாதச் சம்பளத்துக்குக் கல்வெட்டு கிடையாது. அதனால்தான் கோடி ரூபாய்க் கோயிலுக்குள் சில ஆயிரம் சம்பளத்தில் ஒருவர் மணியடித்துக்கொண்டிருக்கிறார். இந்த முரண்பாட்டைப் பெருந்தொற்று நம் முகத்துக்கு நேரே காட்டியது.

பணம் மட்டுமே தாங்கல் என்று நான் சொல்ல வரவில்லை. 2020 ஜூலையில் கேரளத்தின் ஆலப்புழை இலத்தீன் மறைமாவட்டம், நிலத்தடி நீர் உயர்ந்த கடற்கரைக் கல்லறைகளில் ஆழக் குழிவெட்ட முடியாத நிலையில், கொரோனாவில் இறந்தவர்களை எரியூட்டிச் சாம்பலைக் கல்லறையில் புதைக்க அனுமதித்தது. அடக்கம் செய்வதே வழக்கமான சமூகத்தில் துணிச்சலான முடிவு அது. அதை நடத்திக்கொடுக்கப் பயமில்லாத கைகள் வேண்டியிருந்தன. அப்படிப்பட்ட இளைஞர்கள் பல பங்குகளில் முன்வந்தார்கள். கவச உடையணிந்து, உறவினர் நெருங்க அஞ்சிய உடல்களைச் சுமந்தார்கள். தனியாக இருக்கும் முதியவருக்கு நாள்தோறும் தொலைபேசியில் பேசுவது, மறைக்கல்விப் பிள்ளைகளைக் கைபேசி வழியே கூட்டுவது, வேலை இழந்தவருக்கு வேலை தேடித்தருவது எல்லாம் பங்கைத் தாங்குவதே. பணம் கொடுக்க இயலாதவர் கொடுத்தது இது, கணக்கேட்டில் ஏறாவிட்டாலும்.

கோயில் மீண்டும் மூட நேரும் என்று சொல்வது அபசகுனம் அல்ல. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளத்தில் நோய் இல்லாமலே பல ஊர்கள் வழிபாட்டுக்குக் கூட முடியாமல் போயின. எனவே வேண்டுகோள் இது. உங்கள் பங்கில் அடுத்த திருவிழாவுக்கான வரவுசெலவுத் திட்டம் எழுதக் கூடும்போது, கொடி, தேர், பந்தல், மேளம் என்று தொடங்குவதற்கு முன் ஒரு கோரிக்கையை வையுங்கள். உபதேசியாருக்கும் கோயில்பிள்ளைக்கும் மற்றப் பணியாளருக்கும் ஆறு மாதச் சம்பளத்துக்கான தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும், அதை வேறு எதற்கும் தொடக் கூடாது, மாதந்தோறும் நிதிக்குழு அதைப் படித்துக்காட்ட வேண்டும் என்று கேளுங்கள். முதல் தொகையை நீங்களே போட்டுவிட்டுக் கேளுங்கள்.